மறு: பறவைக் காய்ச்சலின் குறைந்த வகைக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

கோழிகளிடம் லேசான நோயை மட்டும் காட்டும் பறவைக் காய்ச்சல் வகைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்ட இந்த இழையில் ‘மென்பறவைக் காய்ச்சல்’ என்ற சொல்லுக்குத்தான் ஆதரவு கூடியிருக்கிறது. நாக்கில் எளிதாக வருகிறது, உண்மைதான். ஆனாலும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

‘மென்’ என்று கேட்டதும் பண்ணைக்காரர் என்ன நினைப்பார்? தானாகச் சரியாகிவிடும் என்றுதான். 1983 ஏப்ரலில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எச்5என்2 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் கோழிகளிடம் லேசான நோயாகத்தான் தலைகாட்டியது. அக்டோபரில் அதே வைரஸ் கொட்டகை கொட்டகையாகக் கொன்றது. சுமார் 1 கோடியே 70 லட்சம் பறவைகளை அழித்த பிறகே அடங்கியது. இடையில் நடந்த மாற்றம் மிகச் சிறியது: வைரஸின் மேற்புரதத்தில் நொதிகள் வெட்டும் இடத்தை மறைத்திருந்த ஒரு சர்க்கரைச் சங்கிலி இல்லாமல் போனது.

அந்தப் புரதம் வெட்டுப்பட்டால்தான் வைரஸ் அடுத்த செல்லைத் தொற்ற முடியும். குறைந்த வகையை வெட்டக்கூடிய நொதிகள் பெரும்பாலும் மூச்சுப்பாதையிலும் குடலிலும்தான் இருக்கின்றன. ஆகவே அது அங்கேயே பெருகி, சளியிலும் எச்சத்திலும் வெளியே வருகிறது. கொடிய வகையை வெட்டும் நொதியோ உடம்பெங்கும் உண்டு.

சரி, இந்தக் குறைந்த வகை எப்படிப் பரவுகிறது என்று பாருங்கள். கொட்டகையில் நான்கைந்து கோழிகள் தும்மும். முட்டை நாளுக்கு நாள் குறையும். தீவனத்தைக் குறை சொல்வோம், அப்புறம் வெயிலைக் குறை சொல்வோம். சாவு இல்லை என்பதால் யாரும் வாசலை அடைப்பதில்லை. வண்டிகள் வழக்கம்போல வந்து போகும். முட்டை அட்டையின் ஒரு குழியில் எச்சம் ஒட்டியிருக்கும். அதே அட்டை கழுவப்படாமல் அடுத்த பண்ணைக்குப் போகும். செருப்படி, கூண்டு, குடிதண்ணீர் எல்லாம் இப்படித்தான். பெட்டைக்கோழி நன்றாகத்தான் மேய்ந்துகொண்டிருக்கும், ஆனால் வைரஸைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

அதனால் என் பரிந்துரை: ‘ஊமைப் பறவைக் காய்ச்சல்’. வெளியே தெரியாமல் உள்ளே வலிப்பதை ஊமைக்காயம் என்கிறோம். சுள்ளென்று அடிக்காமல் புழுங்க வைப்பது ஊமை வெயில். இந்த நோயும் அந்தக் குடும்பம்தான்.

> ‘நோயாக்கத்திறன் குறைந்த’ என்றே வைத்துக்கொள்ளலாமே.

ஆய்வக அறிக்கையில் அது இருக்கட்டும், அங்கே அதுதான் துல்லியம். இளங்கோழிகளுக்கு ஊசி வழியே வைரஸைச் செலுத்தி, 10 நாள் கவனித்து அளக்கும் திறன் அது. ஆனால் அது கோழிக்கான அளவு மட்டுமே. 2013-இல் சீனாவில் எச்7என்9 என்ற குறைந்த வகை வைரஸ் வந்தபோது சந்தைக் கோழிகள் நோய் காட்டவே இல்லை. மனிதர்கள் மூச்சுத்திணறி இறந்த பிறகுதான் அந்தச் சந்தைகளைச் சோதித்தார்கள். அந்த வைரஸை ‘குறைந்தது’ என்று செய்தித்தாளில் எழுத எனக்குக் கை வராது. ‘ஊமை’ அதன் வலுவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. காட்டிக்கொள்ளாது என்று மட்டுமே சொல்கிறது.

> ‘ஊமை’ வாய்பேச இயலாதவர்களைப் புண்படுத்தும் சொல் அல்லவா?

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மனிதரைக் குறிக்க அந்தச் சொல்லை நானும் பயன்படுத்துவதில்லை. ஊமைக்காயத்தில் எந்த மனிதரும் இல்லை என்பதே என் நிலைப்பாடு. இருந்தாலும் குழுவில் ஒருவருக்கு வலித்தாலும் ‘கமுக்கக் காய்ச்சல்’ என்று மாற்றிக்கொள்ளச் சம்மதம். ‘மென்’ மட்டும் வேண்டாம்.

நாமக்கல் பக்கம் பணிபுரியும் கால்நடை மருத்துவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பண்ணைக்குப் போகும்போது இந்த மூன்று பெயர்களையும் சொல்லி, எதைக் கேட்டதும் அட்டையைக் கழுவத் தோன்றுகிறது என்று விசாரித்து எழுதுங்கள்.