கெனான் 200டி மார்க் 2: ஃபிளாஷை தனியா நிறுத்தி அடிக்க எந்த டிரிக்கர்?

தெப்பக்குளத்தான்:
கேமரா கெனான் 200டி மார்க் 2, லென்ஸ் 18-55, கூட ஒரு 50 எஃப்/1.8. செகண்ட் ஹேண்டில் யாங்நுவோ 560-3 ஃபிளாஷ் கிடைத்தது. கேமரா மேல மாட்டினா அடிக்கவே மாட்டேங்குது, டெஸ்ட் பட்டனை அழுத்தினா மட்டும் அடிக்குது. எப்படியும் ஃபிளாஷை ஸ்டாண்டில் தனியா வைத்துத்தான் அடிக்கப்போறேன், அதுக்கு டிரிக்கர் (கேமராவில் இருந்து ரேடியோ சிக்னல் அனுப்பி ஃபிளாஷை அடிக்க வைக்கிற கருவி) வேணும். வளைகாப்பு, காதுகுத்து மாதிரி சின்ன மண்டப வேலையும், சாயங்காலம் மதுரை தெப்பக்குளத்துப் பக்கம் ஜோடிப் படமும்தான் எடுப்பேன். ஆன்லைனில் 433 மெகாஹெர்ட்ஸ் செட் ரொம்ப சல்லிசா இருக்கு, யாங்நுவோ ஆர்எஃப்-603, கோடாக்ஸ் எக்ஸ்2டி ரெண்டையும் சொல்றாங்க. எது வாங்கலாம் அண்ணே?

ஒளிவட்டம்:
தம்பி, ஃபிளாஷில் கோளாறு இல்லை. கேமராவின் ஹாட் ஷூவை (மேலே ஃபிளாஷ் மாட்டும் இடம்) கொஞ்சம் குனிந்து பாருங்கள். சாதாரணமாக நடுவில் பெரிய வட்டமாக ஒரு பின் இருக்கும், அதற்குப் பின்னால் சின்னதாக நாலு. உங்கள் மாடலில் அந்த நடுப்பின்னே கிடையாது. ஷட்டர் திறக்கும்போது நடுப்பின்னையும் ஷூவின் பக்கத் தகட்டையும் கேமரா இணைக்கும், அதில்தான் மேனுவல் ஃபிளாஷ் அடிக்கும். பின் இல்லையென்றால் 560-க்கு எந்தத் தகவலும் போகாது. சின்னப் பின்கள் வழியே கேமராவோடு பேசத் தெரிந்த கெனான் வகைக் கருவிகள்தான் இதில் வேலை செய்யும்.

அதனால் நீங்கள் கேட்ட மூன்றில் இரண்டு இப்போதே கழிந்துவிட்டது. 433 செட் நடுப்பின்னை மட்டும் நம்பும். 603-ம் அப்படித்தான். இதில் ஒரு வயிற்றெரிச்சல், 560-3 உள்ளேயே 603-க்கான ரிசீவர் இருக்கிறது. வேறு கேமரா பாடியாக இருந்தால் ஒரே ஒரு 603 வாங்கினால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன்.

மிச்சம் எக்ஸ்2டி. அதில் 'சி' என்று முடிகிற கெனான் வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். நிக்கான், சோனி வகையைத் தவறிப்போய் எடுத்துவிடாதீர்கள். பழைய ஸ்டாக்காக இருந்தால் ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பிக்க வேண்டிவரும், பக்கத்தில் யூஎஸ்பி-சி துளை இருக்கிறது. டவுன்ஹால் ரோட்டுக் கடையில் வாங்கினால் உங்கள் பாடியைக் கையோடு கொண்டுபோய், மாட்டி, பத்துப் படம் அடித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

பட்டறைப்பையன்:
மேல சொன்னது பூராம் சரி. ஆனா எக்ஸ்2டி வாங்கினாலும் 560 நேரா அதோட பேசாது. ரெண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், மொழி வேற. ரெண்டு வழி இருக்கு.

560-க்கு அடியில கோடாக்ஸ் எக்ஸ்1ஆர்-சி ரிசீவரை மாட்டலாம். அடிக்கும், ஆனா பவரைக் கூட்டக் குறைக்க ஒவ்வொரு தடவையும் ஸ்டாண்டுக்கு நடக்கணும். வெளிச்சத்தைப் பரப்புற குடைக்குள்ள தலைக்கு மேல இருக்கிற ஃபிளாஷுக்கு இது பெரிய ரோதனை. இல்லைன்னா 560-ஐ வித்துட்டு கோடாக்ஸ் டிடி600 எடுங்க. ரிசீவர் உள்ளேயே இருக்கு, முழுப் பவர்ல இருந்து 1/128 வரைக்கும் கையில இருக்கிற டிரிக்கர்லயே மாத்திக்கலாம். டிடிஎல் (கேமராவே ஃபிளாஷ் அளவைக் கணக்குப் போடுறது) கிடையாது, மேனுவல் மட்டும்தான். ஸ்டாண்டுல நிக்கிற ஃபிளாஷுக்கு மேனுவல்தான் நல்லது. மணப்பொண்ணு பட்டுச்சேலை, மாப்பிள்ளை வெள்ளை வேட்டின்னு மாறி மாறி வர்றப்ப டிடிஎல் அளவை அங்கிட்டும் இங்கிட்டும் இழுக்கும்.

டிரிக்கர் வாங்குறோம்னு நினைக்காதீங்க. எந்தக் கம்பெனி ஃபிளாஷ்ல அடுத்த ரெண்டு மூணு வருஷம் இருக்கப்போறோம்னு முதல்ல முடிவு பண்ணுங்க, டிரிக்கர் தானா முடிவாகிடும்.

செலவே வேணாம்னா, 560-ஐ எஸ்2 மோடுல (இன்னொரு ஃபிளாஷ் வெளிச்சத்தைப் பார்த்துத் தானும் அடிக்கும், முன்வெளிச்சத்தைக் கண்டுக்காது) வச்சு கேமராவோட பாப்-அப் ஃபிளாஷைத் தூக்கி அடிங்க. எஸ்1 வச்சா அளவு பார்க்க வர்ற முன்வெளிச்சத்துக்கே 560 அடிச்சு முடிச்சிரும், படத்துல ஒண்ணும் வராது. வீட்டுக்குள்ள கத்துக்க இது போதும். மண்டபத்துல ஆகாது, பக்கத்துல நிக்கிற போட்டோகிராபர் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் உங்க ஃபிளாஷும் சேர்ந்து அடிச்சு பேட்டரி தீர்ந்துரும். வெயில்ல 560-ஓட வெளிச்ச சென்சாருக்குக் கண்ணே தெரியாது.

தெப்பக்குளத்தான்:
புரிஞ்சது, ஷூவைப் பார்த்தேன், நடுவுல மொட்டையாத்தான் இருக்கு. டிடி600 + எக்ஸ்2டி-சி போகலாம்னு இருக்கேன். மண்டபத்துக்கு செட்டிங் எதுல ஆரம்பிக்கிறது? நாலு படத்துக்கு ஒண்ணு அடிக்காம போகுதுன்னு சிலர் எழுதியிருக்காங்களே?

ஒளிவட்டம்:
ஒன்று விடாமல் சரிபாருங்கள். டிரிக்கரிலும் ஃபிளாஷிலும் சேனல் எண் ஒன்றாக இருக்க வேண்டும், குரூப் எழுத்தும் பொருந்த வேண்டும். டிரிக்கரில் ஐடி (மற்றவர் சிக்னலோடு கலக்காமல் இருக்கப் போடும் எண்) போட்டால் ஃபிளாஷிலும் அதே ஐடி போட வேண்டும், போடாவிட்டால் சேனல் சரியாக இருந்தும் அடிக்காது. முகூர்த்த நாளில் ஒரே மண்டபத்தில் வீடியோக்காரர், இன்னொரு போட்டோ டீம் என்று எல்லோரும் கோடாக்ஸோடுதான் வருவார்கள். சேனல் 1-ஐ விட்டு விலகுங்கள். டிரிக்கரில் ஸ்கேன் வசதி இருக்கிறது, நெரிசல் இல்லாத சேனலை அதுவே காட்டும்.

விட்டுவிட்டு அடிக்காமல் போவதற்கு முக்கியக் காரணம் தூரம் அல்ல, கிட்டம். ஃபிளாஷ் இரண்டு மூன்று அடியில் இருந்தால் சிக்னல் அதிகமாகி ரிசீவர் தடுமாறும். டிரிக்கர் மெனுவில் தூரத்தை 0-30 மீட்டர் என்று மாற்றினால் சரியாகிவிடும். கூட்டமும் 2.4-ஐ நன்றாக உறிஞ்சும், மனித உடம்பு பாதிக்கு மேல் தண்ணீர்தானே. ஃபிளாஷைத் தலைமட்டத்துக்கு மேல் ஏற்றுங்கள். தடிமனான இரும்புத் தூணுக்குப் பின்னால் நிறுத்தாதீர்கள்.

அடுத்த காரணம் செல். கடிகாரத்துக்குப் போடும் சாதா கார்பன் செல்லைப் போட்டால் ஃபிளாஷ் சார்ஜ் ஏறுவதற்குள் நீங்கள் ஐந்து படம் எடுத்துவிடுவீர்கள். 2000 எம்ஏஹெச் அளவில் ரீசார்ஜ் செய்யும் நிக்கல் ஏஏ செல் ஃபிளாஷுக்கு நாலு, டிரிக்கருக்கு இரண்டு, ஸ்பேருக்கு இன்னொரு நாலு. புதுசையும் பழசையும் கலந்து போடாதீர்கள்.

மண்டபத்தில் குடை வழியாக, ஆட்களிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி: ஐஎஸ்ஓ 800, எஃப்/4, 1/100, ஃபிளாஷ் 1/16. இதிலிருந்து கூட்டியோ குறைத்தோ போகலாம். 1/100 சொன்னதற்குக் காரணம் நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மேடை விளக்கு நொடிக்கு நூறு தடவை துடிக்கும், வேகமான ஷட்டரில் பின்னணி ஒரு படத்தில் மஞ்சளாகவும் அடுத்ததில் மங்கலாகவும் வரும். கேமராவை 'எம்' (மேனுவல்) மோடில் வையுங்கள். ஷட்டர் வேகத்தைக் கேமராவே முடிவு செய்யும் ஏவி மோடில் இருட்டு மண்டபத்தில் ஷட்டர் அரை நொடிக்குப் போய்விடும், மங்கலம் பாட வேண்டியதுதான்.

கீழக்குயில்குடி_லென்ஸ்:
வெளிப்புறப் படத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை. 200டி மார்க் 2-வின் ஃபிளாஷ் ஒத்திசைவு (ஃபிளாஷோடு சாதாரணமாக எடுக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/200. அதற்கு மேல் ஏற்றினால் படத்தின் ஓரத்தில் கருப்புப் பட்டை விழும், ஷட்டர் திரை முழுதாகத் திறப்பதே இல்லை. டிடி600 தனியாக நிற்கும்போது ஹெச்எஸ்எஸ் (அதைவிட வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷ் அடிக்கும் வசதி) வேலை செய்யும், டிரிக்கரில் அந்தச் சின்ன மின்னல் குறியை இயக்கினால் 1/4000-ம் போகலாம். ஆனால் குறைந்தது இரண்டு ஸ்டாப், அதாவது முக்கால் பங்கு, வெளிச்சம் போய்விடும்.

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/200 என்றால் எஃப்/11. குடை போட்ட ஒற்றை ஃபிளாஷ் முழுப் பவரில் ஒன்றரை மீட்டர் தாண்டினால் அதற்கு ஈடு கொடுக்காது. எஃப்/1.8-ல் பின்னணியைக் கரைக்கும் ஆசையில் ஹெச்எஸ்எஸ்ஸும் போட்டால் இன்னும் கிட்டே வர வேண்டும். குடையைக் கழற்றிவிட்டு வெறும் ஃபிளாஷை ஜூம் 70-ல் வைத்து அடிப்பது உத்தமம். தெப்பக்குளத்தில் கீழ்க்கரையில் ஜோடியைக் குளத்துக்கு முதுகு காட்டி நிறுத்தினால் சாயங்கால வெயில் அவர்களுக்குப் பின்னால் விழும், மைய மண்டபமும் பின்னால் வரும். முகத்துக்கு மட்டும் ஃபிளாஷ். ஐந்தரை மணிக்கு மேல் ஒத்திசைவு வேகத்துக்குள்ளேயே சமாளிக்கலாம், ஹெச்எஸ்எஸ் வேண்டாம்.

ஸ்டாண்டு காலில் ஐந்து கிலோ அரிசிப்பையில் மணல் கட்டித் தொங்கவிடுங்கள். குளக்கரைக் காற்றில் குடை பாய்மரம், ஃபிளாஷின் பிளாஸ்டிக் கால்தான் முதலில் முறியும்.

பட்டறைப்பையன்:
வேலை முடிஞ்சதும் டிரிக்கர் சுவிட்சை அணைச்சிட்டுப் பையில போடுங்க. பை உள்ள பட்டன் அமுங்கிக் கிடந்தா மறுநாள் காலைல செல் செத்திருக்கும்.