பொண்ணு ஆறாவது போறா, பீஸ் கட்ட முடியல. கவர்மெண்ட் ஸ்கூல்ல சேக்கலாமா?

திருப்பூர்க்காரி

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பொண்ணு மெட்ரிக் ஸ்கூல்ல அஞ்சாவது படிக்குறா, ஜூன்ல ஆறாவது. பையனையும் இந்த வருஷம் எல்கேஜி சேக்கணும். வீட்டுக்காரர் பனியன் கம்பெனில பிளாட்லாக் தையல் மெஷின் ஓட்டுறாரு, நான் வீட்டுல உக்காந்து பிசிறு வெட்டுவேன். வேலை நல்லா ஓடுனா ரெண்டு பேருக்கும் சேத்து மாசம் 27 ஆயிரம் வரைக்கும் வரும். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா போற சரக்குக்கு வரி 50% ஆனதுல இருந்து இவரு கம்பெனில ஆர்டர் கம்மி ஆயிருச்சு, ஓவர்டைம் இல்ல, சில வாரம் நாலு ஷிப்ட்தான், எனக்கும் மூட்டை வர்றது கொறஞ்சு போச்சு. இப்ப 20 வந்தா பெருசு. அதுல வாடகை 5500, குழு லோன் 2800.

ஸ்கூல்ல ஆறாவதுக்கு 38,000ன்னு சொல்லிட்டாங்க. வேனுக்கு மாசம் 1200. புக்கு யூனிபார்ம் தனி. இந்த வருஷ பீஸ்லயே 9,000 பாக்கி நிக்குது, இத்தனைக்கும் மொத டெர்முக்கு அடகு வெச்ச என் கம்மல் இன்னும் பேங்க்லதான் கெடக்கு.

பக்கத்துல கவர்மெண்ட் கேர்ள்ஸ் ஹையர் செகண்டரி இருக்கு, டவுன் பஸ்ல ரெண்டு ஸ்டாப். இவரு அங்க சேத்துரலாம்ங்குறாரு. மாமியார் பொட்டப்புள்ளைய பாதில எறக்கி விடுறீங்களேன்னு ஒரே பேச்சு. நாத்தனார் புள்ளைக ரெண்டும் சிபிஎஸ்இ, அதனால அந்தப் பேச்சு எங்க இருந்து வருதுன்னு எனக்குத் தெரியும், விடுங்க. நானே கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சவதான், கேவலம்னு எல்லாம் நெனைக்கல. ஆனா இவ எல்கேஜில இருந்து இங்கிலீஷ் மீடியம், கணக்கு நல்லா போடுவா, அங்க போயி சுணங்கிருவாளோன்னு பயமா இருக்கு. ஒரு வருஷம் மட்டும் எப்படியாவது கடன ஒடன வாங்கி கட்டிட்டு ஆர்டர் வந்ததும் சமாளிச்சுக்கலாமா, இல்ல எட்டாவது வரைக்கும் இங்கயே வெச்சுட்டு ஒம்போதுல மாத்தலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரெண்டு_புள்ள_அப்பா

மாத்தாதீங்க சிஸ்டர். எங்க ஏரியா கவர்மெண்ட் ஸ்கூல்ல போன வருஷம் பூரா கணக்குக்கு வாத்தியாரே இல்ல, பாத்ரூம்ல தண்ணி வராதுன்னு பொம்பளப் புள்ளைக காலைல இருந்து தண்ணியே குடிக்காம இருக்குமாம். நகைய மீட்டுக்கலாம், படிப்புல வீணாப் போன வருஷத்த மீட்க முடியாது. நாங்களும் கஷ்டப்பட்டுத்தான் கட்டுறோம், கேபிள கட் பண்ணிட்டோம், தீபாவளிக்கு புள்ளைகளுக்கு மட்டும்தான் துணி. ஸ்கூல் ஆபீஸ்ல பேசுனா நாலு தவணையா பிரிச்சுக் குடுப்பாங்க, கேட்டுப் பாருங்க.

கணக்கு_டீச்சர்

நான் கவர்மெண்ட் ஸ்கூல்ல பட்டதாரி ஆசிரியை, அதனால ஒருபக்கமா பேசுறேன்னு நெனைச்சாலும் பரவால்ல. ஒம்போதுல மாத்தலாமான்னு கேட்டீங்கல்ல, அங்கதான் நெறைய பேரு ஏமாந்து போறாங்க. காலேஜ் சீட்ல அரசுப் பள்ளிப் புள்ளைகளுக்குன்னு 7.5% உள் ஒதுக்கீடு இருக்கே, அதுக்கு ஆறாவதுல இருந்து பன்னண்டாவது வரைக்கும் முழுசா அரசுப் பள்ளில படிச்சிருக்கணும். ஒரு வருஷம் கடன் வாங்கி கட்டிட்டு ஏழாவதுல கொண்டாந்து சேத்தீங்கன்னாக்கூட அது கெடையாது. 2020ல மெடிக்கலுக்கு மட்டும் கொண்டு வந்தாங்க, அடுத்த வருஷமே இன்ஜினியரிங், அக்ரி, வெட்னரி, சட்டம்னு மத்ததுக்கும் வந்துருச்சு. அதுல சீட் கெடைச்சா படிப்புக் கட்டணம், ஹாஸ்டல், கவுன்சிலிங் பீஸ் எல்லாம் அரசே கட்டுது. புதுமைப்பெண் திட்டத்துல காலேஜ் முடியுற வரைக்கும் மாசம் 1000 ரூபாய் பொண்ணு அக்கவுண்ட்லயே விழும், அதுக்கும் இதே ஆறுல இருந்து பன்னண்டு கணக்குதான். அதனால மாத்துறதா இருந்தா இந்த ஜூன்தான், இல்லன்னா கடைசி வரைக்கும் அங்கயே படிக்க வெக்க முடியுமான்னு யோசிச்சுக்கங்க. அதுக்குன்னு சீட்ட தூக்கிக் கைல குடுத்துருவாங்கன்னும் இல்ல, மெடிக்கலுக்கு நீட் பாஸ் பண்ணியே ஆகணும்.

எய்டட் ஸ்கூல்ல, அதான் அரசு உதவி வாங்குற தனியார் ஸ்கூல்ல சேத்தா ரெண்டும் கெடைக்கும்னு சிலர் சொல்வாங்க, நம்பாதீங்க. 7.5 எய்டடுக்கு இல்ல. புதுமைப்பெண் எய்டட்ல தமிழ் மீடியத்துக்கு மட்டும் உண்டு. முனிசிபாலிட்டி, கார்ப்பரேஷன் ஸ்கூல்னா பிரச்சனையே இல்ல, அதுவும் அரசுப் பள்ளிக் கணக்குதான்.

இங்கிலீஷ் மீடியம் பத்திப் பயப்படவே வேண்டாம். மெட்ரிக்லயும் சமச்சீர் புக்குதான், எங்க கிட்டயும் அதேதான், சிபிஎஸ்இல இருந்து வந்தாத்தான் திண்டாட்டம். ஆனா நீங்க சொல்ற ஸ்கூல்ல ஆறாவதுக்கு இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷன் இருக்கா, அதுல எத்தன புள்ளைகன்னு மொதல்ல கேளுங்க.

மேல அண்ணன் சொன்னது பொய்யில்ல. ஸ்கூலுக்கு ஸ்கூல் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால ஊரு சொல்றத விட்டுட்டு வேலை நாள்ல ஒரு பதினோரு மணி வாக்குல நேர்ல போங்க. கணக்கு, சயின்ஸ் போஸ்ட் காலியா இருக்கான்னு ஹெச்எம் கிட்ட தைரியமா கேளுங்க, நல்ல ஹெச்எம்னா மறைக்க மாட்டாங்க. பாத்ரூம நீங்களே உள்ள போயி பாருங்க, கொழாயத் தொறந்து பாருங்க. மத்தியானம் சத்துணவு போடுற எடத்தையும் ஒரு எட்டு பாத்துட்டு வாங்க. காலைச் சிற்றுண்டி அஞ்சாவது வரைக்கும்தான், அதனால இவளுக்கு வீட்டுலயே சாப்பாடு குடுத்து அனுப்பணும்.

வரவு_செலவு

நீங்க குடுத்த நம்பர வெச்சே போட்டுப் பாக்குறேன்ங்க. பீஸ் 38,000, வேன் பத்து மாசத்துக்கு 12,000, புக்கு, யூனிபார்ம், ஷூ, ஆனுவல் டே அது இதுன்னு 8,000ன்னே வெச்சுக்கங்க, 58,000 ஆச்சு. இப்ப வர்ற 20 ஆயிரம்னா வருஷத்துக்கு 2,40,000. கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு ஒரு புள்ளைக்கே போயிருது, இன்னும் பையன சேக்கவே இல்ல. பீஸ் ஒரு ரூபா ஏறலன்னாலே ஏழு வருஷத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல, அது ஏறாம இருக்குமா? கேபிள கட் பண்ணி, தீபாவளித் துணிய கட் பண்ணி எல்லாம் 58 ஆயிரம் வராதுங்க, அண்ணன் கோவிச்சுக்காதீங்க. ஒரு வருஷத்துக்குன்னு குழுவுல வாங்குற கடன் ஒரு வருஷத்துல முடிஞ்சு நான் பாத்ததில்ல, அடுத்த வருஷ பீஸ் வரும்போது பழைய தவணை பாதில நிக்கும்.

அங்கயேதான் தொடரப் போறீங்கன்னா ஒண்ணு பண்ணுங்க. 2009 சட்டப்படி தனியார் பள்ளிகளுக்கு கட்டண நிர்ணயக் குழு ஒவ்வொரு ஸ்கூலுக்கும் பீஸ் நிர்ணயம் பண்ணுது. உங்க ஸ்கூலுக்கு என்ன போட்டிருக்காங்கன்னு பாத்துட்டு அப்புறம் ஆபீஸ்ல பேசுங்க, அதுக்கு மேல வாங்குனா ரசீது கேளுங்க.

பையனுக்கு ஆர்டிஇ 25% போட்டுப் பாருங்க, கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் ஸ்கூல்ல இலவசமா ஒதுக்குற சீட்டு அது. நலிவடைந்த பிரிவுன்னா வருமானம் 2 லட்சத்துக்குள்ள இருக்கணும், பிசி, எம்பிசி, எஸ்சி சர்டிபிகேட் இருந்தா வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுல போடலாம், அங்க வருமான வரம்பு இல்ல. எட்டாவது வரைக்கும் பீஸ் கெடையாது. ஆர்டிஇல எட்டு முடிச்சு ஒம்போதுல இருந்து கவர்மெண்ட்ல படிச்சா 7.5 உண்டு, அதனால உங்க ஒம்போதாவது ஐடியா பொண்ணுக்கு ஆகாது, பையனுக்கு ஆகும். ஆனா அதையே நம்பி உக்காந்துறாதீங்க, 2025ல மத்திய அரசு நிதி வரலன்னு அட்மிஷன் அக்டோபர் வரைக்கும் இழுத்தடிச்சுது.

செகண்ட்_இயர்_மெக்

அக்கா, நான் பிரைவேட்ல அஞ்சு முடிச்சு ஆறாவதுக்கு கவர்மெண்ட் மாறுனவ. இப்ப 7.5ல இன்ஜினியரிங், வீட்டுல காலேஜுக்குன்னு பீஸ் கட்டல, புதுமைப்பெண் காசு பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் போயிருது. ஆனா அந்த மொத ஆறு மாசம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. நான் மிஸ் கிட்ட இங்கிலீஷ்ல "மே ஐ கம் இன்"னு கேட்டதுக்கே கிளாஸ் பூரா சிரிச்சுச்சு, ரொம்ப நாளைக்கு என் பேரே மேயைகம்மின்தான். அவளுக்குன்னு ஒரு ஃப்ரெண்டு கெடைக்குற வரைக்கும் தெனமும் அழுவா, நீங்களும் கூட சேந்து அழுதுறாதீங்க. படிப்புல நான் சுணங்கல, ஆனா இங்கிலீஷ் பேசுறது போயிருச்சு, காலேஜ் வந்துதான் திரும்ப ஒட்டிக்கிட்டேன். அதுக்கு மட்டும் வீட்டுல தெனம் ஏதாவது படிக்க வையுங்க. முக்கியமா அவகிட்ட காசு இல்லாததாலதான்னு நேராவே சொல்லிருங்க. எங்கப்பா "இந்த ஸ்கூல் சரியில்ல"ன்னு பொய் சொன்னாரு, நான் ரெண்டு வருஷம் அவருமேல கோவமா இருந்தேன்.

திருப்பூர்க்காரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, ஏழாவதுல மாத்துனாக்கூட போயிரும்னு சத்தியமா தெரியாது. திங்கக்கிழமை போயி பாக்குறோம். கொழாயத் தொறந்து பாக்குறது என் வேலை, ஹெச்எம் கிட்ட கேக்குறது இவரு வேலைன்னு பிரிச்சாச்சு. டீச்சருக்கு ஒரு கேள்வி, அந்த 9,000 கட்டுனாத்தான் டிசின்னு ஆபீஸ்ல சொல்றாங்க. என்ன பண்றது?

கணக்கு_டீச்சர்

எட்டாவது வரைக்கும் டிசி இல்லன்னு அட்மிஷன் மறுக்கவோ தள்ளிப் போடவோ கூடாது, கல்வி உரிமைச் சட்டத்துல 5வது பிரிவு. பீஸ் பாக்கின்னு டிசில எழுதக்கூடாதுன்னு 2024ல ஹைகோர்ட்டே சொல்லிருச்சு. ஆதார், பர்த் சர்டிபிகேட், ஜாதி சர்டிபிகேட், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க. பழைய ஸ்கூல் எமிஸ்ல, அதான் புள்ளைக விவரம் இருக்குற அரசு ஆன்லைன் பதிவுல, பேர விடுவிக்காம இழுத்தாங்கன்னா புது ஸ்கூல் ஹெச்எம் மூலமா மாவட்டக் கல்வி அலுவலருக்கு, தனியார் பள்ளிகளுக்குன்னு தனியா ஒருத்தர் இருப்பாரு, அவருக்கு ஒரு மனு குடுங்க. பாக்கி பாக்கிதான், அத மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா கட்டிருவோம்னு எழுதிக் குடுத்து அதுல சீல் வாங்கி வெச்சுக்கங்க. போயிட்டு வந்து இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷன் இருக்கான்னு மட்டும் இங்க போடுங்க.