சினாப்ஸ் சர்வரில் முதல் கணக்கையே உருவாக்க முடியவில்லை

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் தமிழ் வகுப்பு நடத்தும் தொண்டூழியர்களுக்காக வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஒரு மினி பிசியில் மேட்ரிக்ஸ் சினாப்ஸ் என்ற அரட்டை சர்வர் மென்பொருளை நிறுவியிருக்கிறேன். உபுண்டு 22.04, டாக்கர் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனி அடைப்பில் ஓட்டுவது), போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். பிள்ளைகளின் விவரங்கள் வெளியே போகக் கூடாது, அதனால் சொந்த சர்வர்தான் வேண்டும்.

சர்வர் ஓடுகிறது, 8008 போர்ட்டில் பதிலும் வருகிறது. ஆனால் போன சனிக்கிழமையிலிருந்து அட்மின் கணக்கைப் பதிவு செய்யும் கட்டளை மட்டும் 'எச்மேக் இன்கரெக்ட்' (ரகசியச் சாவி பொருந்தவில்லை) என்று நின்றுவிடுகிறது.

சினாப்ஸின் அமைப்புகள் இருக்கும் ஹோம்சர்வர் யாமல் கோப்பில் பதிவுக்கான ரகசியச் சாவியை மாற்றி, கன்டெய்னரை மறுதொடக்கம் செய்தேன். அப்புறம் கன்டெய்னரையே அழித்துவிட்டுப் புதிதாகவே உருவாக்கினேன். அதே பிழை. யாரும் தாங்களே கணக்குத் தொடங்கும்படி பொதுப் பதிவைத் திறந்துவிடச் சிலர் சொல்கிறார்கள். சரிபார்ப்பில்லாமல் திறந்தால் ஸ்பேம் கணக்குகள் குவியும், அது வேண்டாம்.

கட்டளை ஒரு கோப்பையும் சர்வர் வேறொரு கோப்பையும் படிக்கின்றனவோ என்று சந்தேகம். ஓடும் கன்டெய்னர் எந்தக் கோப்பைப் படிக்கிறது என்று எப்படி உறுதிசெய்வது?