டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு மாறியதும் முன் பிரேக் முழுசாக விடவில்லை

1988 மாடல் கார், நாலு சக்கரமும் டிரம்மாக இருந்தது. மூன்று வாரம் முன்பு முன்பக்கம் டிஸ்க் போட்டு, மாஸ்டர் சிலிண்டரையும் (பெடலை மிதித்தால் லைனில் ஆயிலை அழுத்துவது) 19.05 மி.மீ. போரிலிருந்து (உள்விட்டம்) 22.2 மி.மீ. டேண்டமுக்கு (இரண்டு தனி லைன் உள்ளது) மாற்றினேன். கால் அழுத்தத்தைக் கூட்டித்தரும் பூஸ்டர் பழையதுதான்.

பெடல் நன்றாக இருக்கிறது, ஆனால் காலை எடுத்த பிறகும் முன் பேடுகள் டிஸ்க்கை விடுவதில்லை. பத்து கிலோமீட்டர் ஓடினால் கருகல் வாடை. ஜாக்கி போட்டுச் சுற்றினால் சக்கரம் இறுக்கமாக, சரசரவென்று உரசிக்கொண்டுதான் சுற்றுகிறது. ஆறிய பிறகும் அப்படியே.

மூன்று முறை ஏர் எடுத்தாகிவிட்டது. ஹோஸ் புதிது, காலிப்பர் பின்கள் தடையில்லாமல் நகர்கின்றன. பூஸ்டரிலிருந்து மாஸ்டரைத் தள்ளும் புஷ்ராடுக்குக் கேப் இருக்கிறது. சந்தேகத்துக்கு பூஸ்டரிலிருந்து மாஸ்டரின் இரண்டு நட்டையும் தளர்த்திப் பார்த்தேன், சக்கரத்தின் இறுக்கம் விடவில்லை. ஆனால் மாஸ்டரின் முன் லைன் நட்டைக் கால் சுற்று தளர்த்தியதும் ஆயில் சட்டென்று பீய்ச்சி, இரண்டு சக்கரமும் லேசாகிவிட்டது. அதனால் ஹோஸையும் காலிப்பரையும் நான் இனி சந்தேகப்படவில்லை.

நான் போட்ட இந்தப் புது மாஸ்டர், முன்னும் பின்னும் டிரம் உள்ள வண்டிக்கானது. டிரம் லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ பிடித்துவைக்கும் ரெசிடுவல் வால்வு உள்ளே இருக்கும் என்று நினைக்கிறேன். குடும்பத்தோடு போகும் வண்டி, ஊகத்தில் கைவைக்க மனமில்லை.

முன் போர்ட்டில் உள்ள அந்த வால்வை மட்டும் எடுத்தால் போதுமா, அல்லது டிஸ்க்-டிரம் மாஸ்டரே போடவேண்டுமா?