ஆண்டி கிரீகரின் கிவி ஆப்ஷன்கள்: 70 கோடி டாலர் லிமிட்டில் இவ்வளவு எப்படி?

வணிகமாணவன்:
பேங்கர்ஸ் டிரஸ்ட் வங்கியில் ஆண்டி கிரீகர் 1987-ல் கிவியை, அதாவது நியூசிலாந்து டாலரை, விற்று சுமார் 30 கோடி டாலர் லாபம் காட்டினார், அந்த நாட்டின் மொத்தப் பணப்புழக்கத்துக்கும் மேல் விற்றார் என்று எழுதுகிறார்கள். அவருக்கு இருந்த லிமிட் 70 கோடி டாலர் என்றும் படித்தேன். இல்லாத பணத்தை எப்படி விற்க முடியும்? ஸ்பாட்டிலேயே (உடனடிச் சந்தையில்) ஷார்ட் போகாமல், அதாவது கையில் இல்லாததை விற்காமல், ஆப்ஷன் பக்கம் ஏன் போனார்? கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

டெல்டாவேலன்:
பணப்புழக்கச் செய்தியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பார்வர்டு என்றால் இன்று பேசிய விலையில் பின்னொரு நாளில் மாற்றிக்கொள்வது; ஆப்ஷன் என்றால் அப்படி மாற்றிக்கொள்ளும் உரிமை, கட்டாயமல்ல. இரண்டும் ஒப்பந்தங்கள்தான். முடிவு நாளுக்கு முன் எதிர்ப் பக்கம் வாங்கி அடைத்துவிட்டால் வித்தியாசம் மட்டும் கைமாறும். நோட்டுக்கட்டு எதுவும் நகர வேண்டியதில்லை.

1987 அக்டோபர் 19 பங்குச்சந்தைச் சரிவுக்குப் பிறகு அமெரிக்க டாலரை விட்டு வெளியேறிய பணம் கிவியையும் ஏற்றிவிட்டது. இந்த விலை நிற்காது என்பது அவர் கணிப்பு. இனி ஒரு மாதிரிக் கணக்கு. வாலட்டிலிட்டி (வருடத்தில் விலை ஏறி இறங்கும் அளவு) 15%, ஒரு மாத புட் (விற்கும் உரிமை), ஸ்ட்ரைக் (விற்கப் பேசிய விலை) பார்வர்டு விலையில். பிரீமியத்துக்கு, அதாவது ஆப்ஷனுக்குக் கொடுக்கும் விலைக்கு, குறுக்குவழி: 0.4 × 0.15 × √(1/12), அதாவது 1.73%. 10 கோடி டாலர் அளவுக்கு 17.3 லட்சம் டாலர் போதும். போட்ட பணத்தைப் போல் கிட்டத்தட்ட 58 மடங்கு அளவு பிடிக்கலாம்.

அந்த புட்டை விற்றவர் சும்மா இருக்க மாட்டார். டெல்டா (கிவி விலை நகர்ந்தால் ஆப்ஷன் விலை எத்தனை பங்கு நகரும் என்ற எண்) 0.5 என்றால் உடனே 5 கோடிக்கு ஸ்பாட்டில் கிவியை விற்று ஹெட்ஜ் செய்வார், அதாவது தன் நஷ்ட அபாயத்தை ஈடுகட்டுவார். விலை இறங்கி டெல்டா 0.8 ஆனால் இன்னும் 3 கோடி விற்பார். சின்னச் சந்தையில் இந்த ஹெட்ஜ் விற்பனையே விலையை மேலும் அமுக்கும். கிவி மிதக்க விடப்பட்டதே 1985 மார்ச்சில்தான், சந்தை ஆழம் குறைவு.

பார்வர்டுபுள்ளி:
ஒன்றைச் சேர்க்கிறேன். ஆப்ஷன் வாங்கினால் வட்டிச் செலவு தப்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், தப்பாது. அப்போது நியூசிலாந்து வட்டி அமெரிக்காவை விட மிக உயரம். வருடத்துக்கு 12 புள்ளி வித்தியாசம் என்று வைத்தால், ஒரு மாதத்துக்கு உரிய 1% கழிந்து, ஸ்பாட் 0.6000-க்கு ஒரு மாத பார்வர்டு 0.5940. ஸ்பாட் விலையிலேயே ஸ்ட்ரைக் வைத்த புட் 1.73% அல்ல, 2.3% பக்கம் வரும். முடிவில் 0.5864-க்குக் கீழே போனால்தான் லாபம். திசை சரியாக இருந்தும் பணம் போவது பெரும்பாலும் இங்கேதான்: விலை இறங்கும், ஆனால் பார்வர்டு சொன்ன வேகத்தில் இறங்காது. சரிவுக்குப் பிந்தைய பதற்றத்தில் வாங்கினால் வாலட்டிலிட்டியும் ஏறியிருக்கும். 20% என்றால் பார்வர்டு ஸ்ட்ரைக்குக்கே 2.3% கொடுக்க வேண்டும்.

கணக்குச்சரி:
கிவியை விட முக்கியமானது பின்னால் நடந்தது. 1988 தொடக்கத்தில் கிரீகர் வங்கியை விட்டுப் போனார். ஜூலையில் வங்கி 1987 கடைசிக் காலாண்டின் அந்நியச் செலாவணி வருமானத்தை 8 கோடி டாலர் குறைத்துத் திருத்தியது. காரணம், ஆப்ஷன்களின் மதிப்பீட்டில் பிழை.

இது எப்படி நேரும்? ஒரு மாத ஆப்ஷனில் வாலட்டிலிட்டி ஒரு புள்ளி தவறினால் 10 கோடிக்கு 1.15 லட்சம் டாலர் வித்தியாசம். ஐந்து வருட ஆப்ஷனில் அதே ஒரு புள்ளி, வட்டித் தள்ளுபடி சேர்க்காமல், சுமார் 9 லட்சம். நீண்ட கால ஆப்ஷன் தினமும் கைமாறாது, எனவே சந்தை விலையை ஒப்பிட வழியில்லை. டெஸ்க் (டிரேடர்கள் குழு) சொல்லும் எண்ணை அப்படியே ஏற்றால் லாபம் காகிதத்தில் ஊதும்.

அதனால் வாலட்டிலிட்டி எண்ணை டிரேடரிடம் கேட்கவே கூடாது. பேக் ஆபீஸ் (டிரேடர்களிடமிருந்து தனித்த கணக்குப் பிரிவு) குறைந்தது மூன்று புரோக்கரிடம் நேரடியாக வாங்க வேண்டும். அன்றன்றைய லாபத்தை டெல்டா (விலை நகர்வு), காமா (டெல்டா மாறும் வேகம்), வேகா (வாலட்டிலிட்டி மாற்றம்), தீட்டா (நாள் கழிதல்) என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்த பிறகும் விளக்கம் இல்லாத தொகை நாள்தோறும் ஒரே பக்கம் சேர்ந்தால், மதிப்பீட்டில் எங்கோ தவறு இருக்கிறது.

வணிகமாணவன்:
நன்றி சார். டாலர்-ரூபாய் ஆப்ஷனில் பயிற்சி எடுக்கலாமா?

பார்வர்டுபுள்ளி:
2024 மே 3 முதல் நிலைமை வேறு. ரூபாய் சம்பந்தப்பட்ட எக்ஸ்சேஞ்ச் ஒப்பந்தத்துக்கு உங்களுக்கு உண்மையான அந்நியச் செலாவணி வரவோ செலவோ (எக்ஸ்போஷர்) இருக்க வேண்டும். 10 கோடி டாலர் வரை ஆவணம் காட்டத் தேவையில்லை என்பதை 'எக்ஸ்போஷரே வேண்டாம்' என்று படிக்காதீர்கள். ரிசர்வ் வங்கி எச்சரிக்கைப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு பாரெக்ஸ் ஆப் பக்கமும் போகாதீர்கள். மேலே உள்ள சூத்திரத்தை எக்செல்லில் போட்டு, தினசரி ரெபரன்ஸ் ரேட்டை (அன்றன்று வெளியாகும் டாலர்-ரூபாய் விலையை) வைத்து டெல்டா ஹெட்ஜ் செய்து பாருங்கள். பணம் போடாமலே எல்லாம் புரியும்.