ஒரே நாளில் கல்வட்டமும் கிராமமும்: லண்டனில் இருந்து முடியுமா?

ஈஸ்ட்ஹாம்வாசி:
ஊரில் இருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். எனக்குக் கிடைத்திருப்பது சனிக்கிழமை ஒரு நாள். அப்பாவுக்கு ஸ்டோன்ஹெஞ்ச் பழங்காலக் கல்வட்டம் பார்க்க வேண்டும், அம்மாவுக்கு "காலண்டரில் இருக்கிற மாதிரி ஒரு கிராமம்". வாடகைக் கார்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.

சுவின்டன் மருமகன்:
முடியும். ஆனால் ஸ்டோன்ஹெஞ்சுக்குப் பதில் ஏவ்பரி போங்கள். மாமனாரை இரண்டுக்கும் கூட்டிப்போனவன் சொல்கிறேன். ஸ்டோன்ஹெஞ்சில் டிக்கெட், அப்புறம் பஸ், கடைசியில் கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். "இதுக்குப் படமே போதுமேப்பா" என்றார். ஏவ்பரியில் கல்லில் முதுகைச் சாய்த்துப் புளியோதரை சாப்பிட்டார், சுற்றிலும் ஆடுகள். கல்வட்டத்துக்கு டிக்கெட் இல்லை, பார்க்கிங்குக்கு மட்டும் காசு.

உலகின் மிகப் பெரிய கல்வட்டம் அது. குறுக்களவு 300 மீட்டருக்கு மேல். கிராமத்தின் ஒரு பகுதியே அதற்குள்தான் இருக்கிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஊர்க்காரர்கள் கற்களைத் தீயில் சூடாக்கி, தண்ணீர் ஊற்றி, சம்மட்டியால் உடைத்து வீடு கட்டினார்கள். கல்லைத் தேடிப் போனால் பாதி சுவரில் இருக்கும்! 1938இல் புதைந்து கிடந்த ஒரு கல்லைத் தூக்கியபோது அடியில் ஒரு ஆளின் எலும்புக்கூடு. கூடவே கத்தரிக்கோலும் 14ஆம் நூற்றாண்டுக் காசுகளும். நாவிதராக இருக்கலாம் என்று அந்தக் கல்லுக்கே அவர் தொழிலைப் பெயராக வைத்துவிட்டார்கள். மாமனார் இன்னும் அவரைப் பற்றித்தான் பேசுகிறார்.

ரெடிங் அக்கா:
தம்பி, முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறாரே, அதைக் கவனிக்கவில்லையா? ஏவ்பரி முழுக்கப் புல்தரை, மேடு பள்ளம், ஈரம், ஆட்டுப் புழுக்கை. ஸ்டோன்ஹெஞ்சில் பஸ் கல்லுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும்.

ஈஸ்ட்ஹாம்வாசி:
அப்பாவோ, "ஸ்டோன்ஹெஞ்ச் பார்க்காமல் ஊரில் போய் என்ன சொல்ல?" என்கிறார்.

சுவின்டன் மருமகன்:
அக்கா சொல்வது சரி, அம்மாவை ஏவ்பரியில் அதிகம் நடக்க விடாதீர்கள். அப்பாவுக்கு ஒரு வழி இருக்கிறது. ஏ303 சாலையில் வாருங்கள், காரில் இருந்தே ஸ்டோன்ஹெஞ்ச் தெரியும். அங்கே வண்டிகள் ஊர்ந்துதான் போகும், நிதானமாகப் பார்க்கலாம். அங்கிருந்து ஏவ்பரி, பிறகு அரை மணி நேரத்தில் லேகாக், திரும்பும்போது எம்4 நெடுஞ்சாலை. அம்மாவின் காலண்டர் கிராமம் லேகாக்தான். 1835இல் புகைப்பட முன்னோடி டால்பட் தம் வீட்டு ஜன்னலைப் படம் எடுத்த நெகட்டிவ்தான் இன்று கிடைப்பதில் மிகப் பழையது. அந்த வீடு அங்கேதான். பார்க்கிங் ஊருக்கு வெளியே, அதனால் அம்மாவை முதலில் தெருமுனையில் இறக்கிவிடுங்கள்.

ஈஸ்ட்ஹாம்வாசி:
நன்றி. புளியோதரைக்கு அம்மா இப்போதே புளி இருக்கிறதா என்று கேட்டுவிட்டார்.