மெரினாவுல கடலோடிகளுக்குன்னு தனியா ஒரு சின்னம் வேணுமா வேணாமா?

ராயபுரத்தான்:
போன மாசம் டையூ போயிருந்தோம், அங்க கடலைப் பாத்தாப்ல மேட்டுல நம்ம நேவியோட குக்ரி போர்க்கப்பலுக்கு நினைவுச்சின்னம், கண்ணாடிக் கூண்டுக்குள்ள கப்பலோட மாடல் வச்சிருக்காங்க. 1971 டிசம்பர் 9 ராத்திரி பாகிஸ்தான் நீர்மூழ்கி அடிச்சு முழுகுச்சு, 18 ஆபீசர், 176 மாலுமி, கேப்டன் முல்லாவும் கப்பலோடயே போயிட்டார். துறைமுகத்துக்கு ரெண்டு தெரு தள்ளிப் பொறந்தவன் நான், நம்ம ஊர்ல கடல்ல போனவங்களுக்குன்னு எதைக் காட்டுறது சொல்லுங்க?

மயிலை மாமா:
ஐயா சாமி, மெரினாவுல இன்னொரு கல்லா? இருக்கற சிலையையும் சமாதியையும் எண்ணி முடிச்சுட்டு வாங்க. வார் மெமோரியல் பஸ் ஸ்டாப்புன்னா எல்லாருக்கும் தெரியும், உள்ள எத்தனை பேர் போயிருக்கீங்க? முதல் உலகப் போர்ல ஜெயிச்சதுக்குக் கட்டினது, அப்புறம் 48, 62, 71ன்னு வந்ததெல்லாம் அதுலயே சேத்துட்டாங்க. ஜனவரி 26க்கு மாலை, அதோட சரி.

ராயபுரத்தான்:
அது எல்லாப் படைக்கும் பொதுவா இருக்கறது மாமா. தரையில செத்தவனுக்கு நந்தம்பாக்கத்துல வரிசையா கல்லறை இருக்கு, தண்ணியில போனவனுக்குப் பேராவது இருக்க வேணாமா?

கப்பல்காரர் பேத்தி:
நேவிக்கு மட்டும்னா நான் எதிர்ப்பு. எங்க தாத்தாவோட தம்பி சரக்குக் கப்பல்ல பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டவர், ரெண்டாவது உலகப் போர்ல போனவர் போனவர்தான், ஆச்சி சாகற வரைக்கும் அவருக்குத் திதி குடுக்க விடல, எந்த நாள்னு குடுப்பீங்கன்னு கேக்கும். பாம்பேல மாலுமிங்க விடுதியில முதல் உலகப் போர்ல கடல்ல போன 2,000 பேருக்கு மேல நினைவு வச்சிருக்காங்க, வியாபாரக் கப்பல்ல போனவங்களும் அதுல உண்டு. செஞ்சா அப்படிச் செய்யுங்க, சும்மா பீரங்கியும் நங்கூரமும் வச்சு செல்ஃபி ஸ்பாட் ஆக்கிடாதீங்க.

காசிமேடு செல்வம்:
அப்ப வலையோட போய் வராதவன்? யூனிஃபார்ம் போட்டாதான் கடல் முழுங்குமா? எங்க குப்பத்துல பாடி கிடைக்காத வீடு நாலு இருக்கு, இறப்பு சர்டிபிகேட் வாங்கவே வருஷக்கணக்கா அலைஞ்சாங்க. கல்லு அப்புறம் வைங்க, மொத அந்த பேப்பரைக் குடுக்கச் சொல்லுங்க.

ராயபுரத்தான்:
செல்வம் அண்ணே, ஒத்துக்கறேன், ஆனா போர் வேற அது வேற.

காசிமேடு செல்வம்:
வீட்ல காத்துக்கிட்டு இருக்கறவளுக்கு என்னப்பா வேற?

மயிலை மாமா:
செல்வம் சொல்றது நியாயம். நான் கேக்கறது இதான், 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்ங்கற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து எண்ணெய் டேங்கைக் கொளுத்திட்டுப் போனதுக்கு ஐகோர்ட்டு காம்பவுண்டு கிழக்குச் சுவர்ல கல்வெட்டு இருக்கு. சரியான எம்டன்டான்னு திட்டத் தெரியுது, அந்தக் கல்லைப் பாத்தவன் யாரு? இருக்கறதைத் தொடைச்சு வைக்க ஆளில்ல, புதுசு எதுக்கு.

ராயபுரத்தான்:
சத்தியமா நான் பாத்ததில்ல மாமா. ஞாயித்துக்கிழமை காலையில போறேன், எந்த கேட்டுக்குப் பக்கத்துலன்னு மட்டும் சொல்லுங்க. பேத்தி, நீங்களும் வாங்க, செல்வம் அண்ணன் சொன்ன பேப்பர் விஷயத்தையும் அங்கயே உக்காந்து பேசிடலாம்.

காசிமேடு செல்வம்:
ஞாயிறு மீன் வியாபாரம்யா. சனிக்கிழமை வை.